கான்கிரீட் ‘கவர்’ துருவைத் தடுக்க மட்டுமா? பாலத்து பீம்களின் நுனியில் நடப்பது என்ன?

வீடு கட்டியவர்களுக்கு ‘கவர் பிளாக்’ பழக்கமான பொருள். கம்பி கட்டி முடித்ததும், அது ஷட்டரிங் பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் சொருகும் சின்ன கான்கிரீட் வில்லை. அது தரும் 20 அல்லது 25 மி.மீ. இடைவெளிதான், கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பியின் மேல் போர்வையாக நிற்கிறது. இந்தப் போர்வைக்குத்தான் ‘கவர்’ என்று பெயர்.

எதற்கு இந்த கவர்? எந்த சைட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “கம்பி துருப்பிடிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.” விவரம் தெரிந்தவர் என்றால் தீ விபத்தையும் சேர்த்துச் சொல்வார். இரண்டுமே சரி. ஆனால் மேம்பாலம், மெட்ரோ ரயில் பாதை, ரயில்வே ஸ்லீப்பர், கான்கிரீட் மின்கம்பம் போன்றவற்றில் பயன்படும் முன்தகைவுக் கான்கிரீட்டில், அதாவது ‘பிரீஸ்ட்ரெஸ்டு’ வகையில், கவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கம்பியை நழுவ விடாமல் கவ்விப் பிடிக்க உதவுவதும் அந்தப் போர்வைதான். அது மெலிந்தால், துரு வருவதற்கு முன்பே, வார்த்த வாரத்திலேயே பீமின் நுனியில் பிரச்சினை தொடங்கிவிடலாம்.

இழுத்து, வார்த்து, அறுத்து விடுவது

சாதாரண கான்கிரீட்டில் கம்பி சும்மா படுத்திருக்கும். பாரம் ஏறி, கான்கிரீட் லேசாக விரிசல் விட்ட பிறகுதான் கம்பி முழுமூச்சாக வேலை செய்யும். அதற்குப் பதிலாக, கம்பியை முன்கூட்டியே இழுத்து வைத்து, அந்த இழுவிசையால் கான்கிரீட்டை இறுக்கிவிட்டால் என்ன? பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே 1928-இல் காப்புரிமை பெற்றது இந்த யோசனைக்குத்தான். எப்போதும் இறுக்கத்தில் இருக்கும் கான்கிரீட், பாரம் வந்தாலும் எளிதில் விரிசல் விடாது.

இதைச் செய்ய இரண்டு வழிகள். கான்கிரீட் வார்த்த பிறகு அதிலுள்ள குழாய்கள் வழியே கம்பி வடங்களை விட்டு இழுத்து, நுனியில் ஆங்கர் போட்டுப் பூட்டுவது ஒன்று. இன்னொன்று, முதலிலேயே நீளமான வார்ப்புப் படுகையில் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு கம்பிகளை நுனியில் அறுத்து விடுவது. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. காரணம் எளிது. இதில் ஆங்கர் கிடையாது, பூட்டு கிடையாது. கம்பியைப் பிடித்து வைத்திருப்பது கான்கிரீட் மட்டும்தான்.

பிடிக்க வேண்டிய விசை எவ்வளவு? வழக்கமான ஸ்ட்ராண்ட் ஒன்று 12.7 மி.மீ. விட்டம் கொண்டது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி முறுக்கிய ஆறு கம்பிகள், மொத்தம் ஏழு. அறுந்துபோகும் வலுவில் முக்கால் பங்கு வரை இழுத்தால், விரல் தடிமனுள்ள அந்த வடத்தில் சுமார் 14 டன் விசை நிற்கும். ஏறக்குறைய ஆட்கள் நிறைந்த ஒரு பேருந்தின் எடை. இப்படி இழுக்கும்போது 100 மீட்டர் நீளப் படுகையில் வடம் சுமார் 70 செ.மீ. நீண்டுவிடுகிறது. பெரிய கர்டர் ஒன்றில் இத்தகைய வடங்கள் டஜன் கணக்கில் இருக்கும்.

அறுத்தவுடன் அத்தனை வடங்களும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். உள்ளே ஓடி ஒளியப் பார்க்கும் அந்த நுனிகளைக் கான்கிரீட் தடுத்து நிறுத்த வேண்டும்.

கோடாலிக் காம்பும் ஹோயரின் ஆப்பும்

கான்கிரீட் எதை வைத்துப் பிடிக்கிறது? சிமென்ட் இரும்பில் ஒட்டிக்கொள்வது முதல் காரணம். ஆனால் அது பலவீனமானது. வடம் கொஞ்சம் நழுவினாலும் அந்த ஒட்டுதல் போய்விடும், திரும்ப வராது. வடத்தின் முறுக்குப் பள்ளங்களில் கான்கிரீட் போய் உட்கார்ந்து, திருகாணி மாதிரிப் பிடிப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது.

ஒரு ரப்பர் பட்டையை இழுத்தால் மெலியும், விட்டால் பழையபடி தடிக்கும். இரும்பும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம். 14 டன்னில் இழுத்த 12.7 மி.மீ. வடம், கணக்குப் பார்த்தால் விட்டத்தில் சுமார் 0.027 மி.மீ. மெலிந்திருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அறுத்து விட்டதும் வெட்டுமுகத்தில் விசை பூஜ்யமாகிவிடுவதால் வடம் அங்கே பழைய தடிமனுக்குத் திரும்புகிறது. பீமின் உள்ளே போகப் போக விசை இன்னும் நிற்பதால் மெலிந்தே இருக்கிறது. ஆக, நுனியில் தடித்து உள்ளே மெலிந்த ஓர் ஆப்பாக வடம் மாறிவிடுகிறது. உள்ளே ஓட முயன்றால் தடித்த பகுதி கான்கிரீட்டில் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

1930-களில் மெல்லிய எஃகுக் கம்பிகளை வைத்து இந்த முறையை வளர்த்தெடுத்த ஜெர்மன் பொறியாளர் எவால்ட் ஹோயர் பெயரால் இது ‘ஹோயர் விளைவு’ எனப்படுகிறது. நூறு டன், இருநூறு டன் எடையுள்ள கர்டர்கள் ஒரு தலைமுடி அளவுகூட இல்லாத இந்தத் தடிப்பை நம்பித்தான் நிற்கின்றன என்பது கொஞ்சம் யோசித்தால் திகைப்பாகத்தான் இருக்கும்.

ஆப்பு என்றதும் கோடாலி நினைவுக்கு வர வேண்டும். காம்பு கழன்று வராமலிருக்க அதன் தலையில் ஆப்பு அடிப்பார்கள். காம்பு விரிந்து, கோடாலியின் கண்ணில் இறுகிக்கொள்ளும். ஆனால் விரியும் காம்பைச் சுற்றி நின்று தாங்குவது அந்த இரும்புக் கண். கண் மெல்லியதாக இருந்தால் ஆப்பு அடிக்க அடிக்க அதுவே பிளந்துவிடும். பீமில் அந்தக் கண்ணாக இருப்பது இரும்பு அல்ல, வடத்தைச் சுற்றியுள்ள கான்கிரீட் வளையம்.

இங்கேதான் கவர் உள்ளே வருகிறது.

வளையம் எங்கே மெலிகிறதோ, அங்கே பிளவு

கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவலு, அழுத்த வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தடிக்கும் வடம் சுற்றியுள்ள கான்கிரீட்டை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும்போது, அந்த வளையத்தில் உண்டாவது இழுவிசை. கான்கிரீட்டுக்குப் பிடிக்காத விசை அது.

வளையத்தின் தடிமன் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. பீமின் உட்பக்கம் கான்கிரீட் தாராளமாக இருக்கும். அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ கவர் அளவு மட்டும்தான். சங்கிலியின் பலம் அதன் மெலிந்த கண்ணியில் என்பது போல, வளையத்தின் பலம் அதன் மெலிந்த பக்கத்தில். மூலையில் இருக்கும் வடத்துக்கு இரண்டு பக்கமும் மெலிவு.

முதல் விரிசல் எப்போதும் வடத்தை ஒட்டி உள்ளேயே தொடங்குகிறது. வெளியே தெரியாது. கவர் போதுமான தடிமனாக இருந்தால், அந்த விரிசல் பாதி வழியில் நின்றுவிடும். வெளிப்புற வளையம் இன்னும் முழுசாக இருப்பதால் பிடி விடாது. கவர் மெல்லியதாக இருந்தால் விரிசல் நேராக மேற்பரப்புக்கு வந்து, வடத்தின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடும். அந்த நிமிடத்தில் வளையம் திறந்துவிட்டது. ஆப்பைச் சுற்றி இறுக்க ஆளில்லை. ஹோயர் விளைவு பெருமளவு போய்விடும். வடம் உள்நோக்கி நழுவும்.

நழுவினால் என்ன? வடத்தில் உள்ள 14 டன்னும் நுனியிலேயே கான்கிரீட்டுக்கு வந்துவிடுவதில்லை. நுனியில் பூஜ்யமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் முழு விசையும் இறங்கி முடியும். இதைப் பொறியாளர்கள் ‘டிரான்ஸ்பர் லென்த்’ என்பார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பால விதிகள் இதை வட விட்டத்தைப் போல 60 மடங்கு என்று எடுத்துக்கொள்கின்றன. 12.7 மி.மீ. வடத்துக்கு அது சுமார் 76 செ.மீ. கவர் பிளந்து பிடி தளர்ந்தால் இந்தத் தூரம் நீளும்.

பீமின் நுனி, தூணின் மேல் உட்காரும் இடம். வெட்டுவிசை, அதாவது பீமைச் சாய்வாகக் கிழிக்கப் பார்க்கும் விசை, மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் இறுக்கம் வந்து சேரவில்லை என்றால், சாய்வான விரிசல் ஒன்று இந்த டிரான்ஸ்பர் பகுதியை வெட்டிக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு விரிசலுக்கும் நுனிக்கும் இடையே வடத்தைப் பிடிக்க மிச்சமிருப்பது சில அங்குலம்தான். பீமின் நடுவில் வரும் வளைவு விரிசல்கள் முன்கூட்டியே தொங்கிக் காட்டி எச்சரிக்கும். நுனியில் பிடி விட்டு வரும் முறிவு அந்த மரியாதையைக் காட்டுவதில்லை, திடீரென்று வரும்.

அப்படியானால் எவ்வளவு போதும்?

ஐரோப்பாவின் ‘யூரோகோட் 2’ இதற்கு நேரடியாக ஓர் அளவு வைத்திருக்கிறது. துரு, தீ எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பிடிமானத்துக்காக மட்டும் குறைந்தபட்சம் வட விட்டத்தின் ஒன்றரை மடங்கு கவர் வேண்டும். 12.7 மி.மீ. வடத்துக்கு 19 மி.மீ., 15.2 மி.மீ. வடத்துக்கு 23 மி.மீ. மேற்பரப்பில் பள்ளம் பதித்த கம்பிக்கு இன்னும் அதிகம், இரண்டரை மடங்கு. கம்பி எவ்வளவு நன்றாகக் கவ்வுகிறதோ, அவ்வளவு கடுமையாகக் கான்கிரீட்டைப் பிளக்கவும் பார்க்கும் என்பதால்தான் அந்த வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரலாம். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடுமையான சூழலுக்கே 45 மி.மீ. கவர் கேட்கிறது. துருவுக்காக அவ்வளவு விட்டுவிட்டால், பிடிமானத்துக்கான 19 மி.மீ. தானாகவே கிடைத்துவிடுமே? பெரும்பாலான பாலக் கர்டர்களில் ஆமாம், கிடைத்துவிடும். காகிதத்தில் பிரச்சினை இல்லை. தலைவலி வருவது மெல்லிய பொருள்களில்: ஹாலோ கோர் பலகைகள், ஸ்லீப்பர்கள், மின்கம்பங்கள். கனமான கர்டர்களிலும், வரைபடத்தில் 45 என்று எழுதி வார்ப்பில் 25 ஆகிவிடும் இடங்களில்.

ஹாலோ கோர் பலகை தனி ரகம். கட்டடத் தளங்களுக்காக, நடுவில் உருளை வெற்றிடங்களோடு இயந்திரம் நீளமாக வார்த்துக்கொண்டே போகும் பலகை அது. பீமில் இருக்கும் ஸ்டிரப் வளையங்கள் இதில் கிடையாது. ஸ்டிரப்பின் வேலை விரிசல் வந்த பிறகு அதைக் கட்டிப்பிடித்து அகலவிடாமல் செய்வது. அது இல்லாத இடத்தில் கான்கிரீட்டின் சொந்த இழுவலுதான் கதி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே இந்தப் பலகைகளின் நுனிப் பிளவைத் தனியாக எடுத்து ஆராய்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

சரி, எதற்கு வம்பு, கவரைத் தாராளமாக விட்டுவிடலாமே? அதற்கும் எல்லை இருக்கிறது. கவர் கூடக் கூடப் பிடி கூடும், ஆனால் ஓர் அளவு வரைதான். விட்டத்தின் இரண்டரை, மூன்று மடங்கைத் தாண்டினால் பிளவு நடப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கம்பியை ஒட்டிய கான்கிரீட் நொறுங்கி, கம்பி உருவிக்கொண்டு வரும். அதைக் கூடுதல் கவர் தடுக்காது. சாதாரண முறுக்குக் கம்பிகளுக்கான அமெரிக்க ஏ.சி.ஐ. 318 விதிகூட, கவரால் கிடைக்கும் பலனை 2.5 மடங்குக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிடுகிறது.

கவருக்கு விலையும் உண்டு. பீமின் அடிமட்டத்துக்கு வடம் எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு அதன் நெம்பு பலம். கவருக்காக வடத்தை ஒவ்வொரு 10 மி.மீ. மேலே தூக்கும்போதும் அதில் கொஞ்சம் போய்விடும், ஈடுகட்ட வடம் கூட்ட வேண்டும் அல்லது பீமைத் தடிமனாக்க வேண்டும். வடிவமைப்பாளர்கள் 5 மி.மீ.க்காகக் கஞ்சத்தனம் காட்டுவது சும்மா இல்லை.

ஸ்லீப்பரில் அரை மீட்டர்தான் அவகாசம்

இந்த விஷயம் எவ்வளவு நெருக்கடியானது என்று பார்க்க ரயில் தண்டவாளத்துக்கு அடியில் பார்த்தால் போதும். இந்திய ரயில்வேயின் முக்கியத் தடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர்கள். நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் ‘டி-2496’ என்ற வடிவமைப்பில் ஒவ்வொரு ஸ்லீப்பரும் 2.75 மீட்டர் நீளம், உள்ளே 18 வடங்கள். ஒவ்வொரு வடமும் 3 மி.மீ. கம்பிகள் மூன்றை முறுக்கியது.

அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 1.75 மீட்டர். கழித்துப் பார்த்தால், ஸ்லீப்பரின் நுனிக்கும் தண்டவாளம் உட்காரும் இடத்துக்கும் இடையே மிஞ்சுவது வெறும் அரை மீட்டர். சரக்கு ரயிலின் ஒவ்வொரு சக்கரமும் 11 டன் அளவுக்கு இறங்கி அடிக்கும் இடம் அது. அந்த அரை மீட்டருக்குள் வடத்தின் விசை முழுவதும் கான்கிரீட்டில் இறங்கியாக வேண்டும். மூன்று கம்பி வடத்தின் மொத்த விட்டம் சுமார் 6.5 மி.மீ. 60 மடங்கு என்று வைத்தால் 39 செ.மீ. தப்பித்துவிடும், ஆனால் மிச்சம் 11 செ.மீ.தான். தடித்த ஏழு கம்பி வடத்துக்குப் பதிலாக மெல்லிய வடங்களை நிறையப் போடுவதன் தர்க்கம் இதிலேயே புரியும். விட்டம் சிறுத்தால் டிரான்ஸ்பர் தூரமும் சிறுக்கும், அதே கவரும் விட்டத்தோடு ஒப்பிடும்போது தடிமனாகத் தெரியும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினைக்கு வேறு வழி எடுத்தார்கள். அங்கே ஸ்லீப்பர்களில் 5.32 மி.மீ. தனிக் கம்பிகள், மேற்பரப்பில் பள்ளங்கள் பதித்தவை, பரவலாகப் பயன்படுகின்றன. பள்ளம் ஆழமாக இருந்தால் கவ்வல் அதிகம், டிரான்ஸ்பர் தூரம் குறைவு. ஆனால் அதே ஆழமான பள்ளங்கள் மெல்லிய கவரோடு சேர்ந்தால் கம்பியின் போக்கில் பிளவு. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க ரயில்வே நிர்வாகத்தின் ஆதரவோடு, வெவ்வேறு பள்ள வடிவங்களையும் வெவ்வேறு கவர் தடிமன்களையும் சின்னச் சின்ன கான்கிரீட் தூண்டுகளில் வைத்து மாற்றி மாற்றிச் சோதித்தது இதற்காகத்தான். நன்றாகப் பிடிக்கும் கம்பிதான் நல்ல கம்பி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்தக் கவரில் வைக்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1988: ஒரே கடிதத்தில் நின்றுபோன வடம்

இதெல்லாம் தீர்ந்துபோன கணக்கு என்று நினைத்த காலமும் இருந்தது. அமெரிக்க விதிகளில் உள்ள சூத்திரங்கள், 1950-களில் போர்ட்லாண்ட் சிமென்ட் சங்கத்தின் ஆய்வகத்தில் ஹான்சன், கார் ஆகிய இருவர் செய்த சோதனைகளை அடிப்படையாகக் கொண்டவை. அன்றைய வடங்கள் இன்றையதைவிட வலு குறைந்தவை. பிறகு எஃகு வலுவேறியது, இழுக்கும் விசையும் ஏறியது, சூத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

1986-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாங்கள் அளந்த தூரங்கள் விதி சொல்வதைவிடக் கணிசமாக நீளமாக இருப்பதாக வெளியிட்டார்கள். 1988 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. 15.2 மி.மீ. வடங்களை இந்த வகை பீம்களில் பயன்படுத்தக் கூடாது. வடங்களின் மைய இடைவெளி விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. முழு வலுவையும் எட்டத் தேவையான பிடி நீளத்தை 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இடைவெளியைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்? அதுவும் கவரின் இன்னொரு முகம்தான். பக்கத்துப் பக்கத்து வடங்கள் நெருக்கமாக இருந்தால், ஒவ்வொன்றின் வளையமும் அடுத்ததோடு முட்டிக்கொள்ளும். பிளவு மேற்பரப்புக்குப் போகாமல் வடத்திலிருந்து வடத்துக்குத் தாவி, ஒரு வரிசையையே அடியோடு பெயர்த்துவிடும். வெளிக் கவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பிரயோஜனமில்லை.

பல மாநிலங்களில் சோதனைகள் நடந்த பின், 1996-இல் 15.2 மி.மீ. வடத்தின் மீதான தடை நீங்கியது. 51 மி.மீ. இடைவெளியில் வைக்கவும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. ஒரே அளவு, ஒரே வலு என்று முத்திரை குத்திய வடங்கள்கூட, தயாரிப்பாளரைப் பொறுத்துப் பிடிமானத்தில் பெரிதாக வேறுபட்டன. கம்பியை இழுத்து மெலிக்கும்போது பூசும் மசகுச் சோப்பு, மேற்பரப்பில் தங்கிவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்று வடத்தைச் சிமென்ட் சாந்தில் பதித்து உருவிப் பார்க்கும் சோதனைக்கென்றே ஏ.எஸ்.டி.எம். ஏ1081 என்ற தரநிலை இருக்கிறது.

நாடுகளுக்கு இடையே எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தியாவின் ஐ.எஸ். 1343-இன் 1980 பதிப்பு, ஸ்ட்ராண்டுக்கு 30 மடங்கு விட்டம் என்கிறது. அமெரிக்கப் பால விதியில் 60. பாதிக்குப் பாதி. இதில் நீளமான எண்தான் பாதுகாப்பானது என்று தோன்றும். அதுவும் முழு உண்மையில்லை. தூரம் குறைவாக இருந்தால் விசை சட்டென்று இறங்கி நுனியில் பிளக்கும் அழுத்தம் கூடும். தூரம் அதிகமானால் வெட்டுவிசைத் தாங்குதிறன் குறையும். அதனால்தான் யூரோகோட், கணக்கிட்ட நீளத்தை ஒரு சோதனைக்கு 0.8 ஆலும் இன்னொன்றுக்கு 1.2 ஆலும் பெருக்கச் சொல்கிறது. இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

காஸ்டிங் யார்டில் என்ன நடக்கிறது

சட்டப்படி கவர் எவ்வளவு என்பது ஒரு கதை, வார்ப்பில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கதை. இந்தப் படுகைகளில் வடத்தின் இடத்தைத் தீர்மானிப்பது நுனித் தகட்டில் உள்ள துளைகள். துளை இரண்டு மி.மீ. தள்ளியிருந்தால் கவரும் அவ்வளவு தள்ளிப்போகும். வடம் தன் எடையிலேயே தொய்வதும் உண்டு. 14 டன்னில் இழுத்த வடம்கூட 30 மீட்டர் இடைவெளியில் தாங்கல் இல்லாமல் நின்றால் நடுவில் சுமார் 6 மி.மீ. இறங்கும். நடுப்பகுதி என்பதால் பிடிமானத்துக்கு அது பெரிய கேடில்லை, துருவுக்கு எதிரான கவரில்தான் கை வைக்கும்.

பிடிமானத்தைக் கெடுப்பவை இதைவிட அற்பமான விஷயங்கள். அச்சில் தடவும் ஷட்டரிங் ஆயில் வடத்தின் மேல் சொட்டுவது. அடிப்பக்க வடங்களுக்கும் அச்சுக்கும் நடுவே ஜல்லி இறங்காமல், வைப்ரேட்டரும் எட்டாமல், தேன்கூடு மாதிரி ஓட்டை விழுவது. கவர் 40 மி.மீ. இருந்து என்ன, அதில் பாதி காற்றாக இருந்தால்? மெல்லிய செம்பழுப்புத் துரு படிந்த வடம், பளபளப்பான வடத்தைவிட நன்றாகவே பிடிக்கும் என்பதும் யார்டில் பலரை ஆச்சரியப்படுத்தும் உண்மை. செதில் செதிலாக உரியும் துரு வேறு, அது ஆகாது.

பீமின் மேல்பக்கத்தில் உள்ள வடங்களுக்குத் தனி சோதனை. கான்கிரீட்டில் உள்ள நீரும் காற்றும் மேலே ஏறி, வடத்தின் அடியில் தங்கிவிடும். கான்சாஸ் ஆய்வில், வடத்துக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதைவிட, மேலே எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம் என்று தெரியவந்தது. ஊற்றும் நேரத்தில் மேல் கவர் எவ்வளவு மெலிதோ, பிடியும் அவ்வளவு தளர்வு.

அறுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஜாக்கியைத் தளர்த்தி மெதுவாக விடுவது ஒரு வகை. கேஸ் கட்டரால் ‘டப்’பென்று வெட்டுவது இன்னொரு வகை. வெட்டும் நுனியில் ஒரு சாட்டையடி மாதிரி அதிர்ச்சி போய், அந்தப் பக்கம் டிரான்ஸ்பர் தூரம் நீண்டுவிடுகிறது. கான்கிரீட் போதிய வலு அடையும் முன் அவசரப்பட்டு அறுப்பது இதையெல்லாம்விட மோசம். அன்றைய தேதியில் அந்த வளையத்துக்கு இருக்கும் இழுவலு, 28 நாள் க்யூப் காட்டும் எண்ணுக்கு உரியது அல்ல.

பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா? உண்டு, அதுவும் மலிவானது. அறுப்பதற்கு முன் வடத்தில் ஓர் அடையாளம் வைத்து, அறுத்த பின் அது கான்கிரீட்டுக்குள் எவ்வளவு இழுத்துக்கொண்டது என்று அளப்பதுதான். பிரெஞ்சுப் பொறியாளர் குயோன் பெயரால் வழங்கும் எளிய சூத்திரம், இந்த நழுவலிலிருந்து டிரான்ஸ்பர் தூரத்தைக் கணிக்கிறது. 12.7 மி.மீ. வடத்தில் நழுவல் சுமார் 2.7 மி.மீ. என்றால் தூரம் 76 செ.மீ. பக்கம், சரி. 5 மி.மீ. உள்ளே போய்விட்டால் தூரம் சுமார் 1.4 மீட்டர். அப்போது பீமின் நுனியில் ஏதோ பிளந்திருக்கிறது, அல்லது பிடிக்கவே இல்லை. ஒரு வெர்னியர் அளவுகோலும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும் இதைக் கண்டுபிடிக்க.

பிளவு வழியே வரும் தண்ணீர்

நீளவாக்குப் பிளவு அன்றே பீமை வீழ்த்தாவிட்டாலும், அது வடத்தின் போக்கிலேயே திறந்த வாய்க்கால். குறுக்கு விரிசல் வடத்தை ஓர் இடத்தில்தான் தொடும். இது வடத்தின் முழு நீளத்துக்கும் தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகும். துருப்பிடித்த இரும்பு பருமனில் பல மடங்கு பெருக்கும். மறுபடியும் உள்ளிருந்து வெளியே தள்ளல், மறுபடியும் வளையத்தில் இழுவிசை. அதே ஆப்பு இரண்டாம் முறை அடிக்கப்படுகிறது, இந்தத் தடவை தலைமுடி அளவில் நிற்காமல். பழைய கான்கிரீட் மின்கம்பங்களின் மூலையில் கம்பியின் போக்கிலேயே கவர் பிளந்து உதிர்ந்திருப்பதைக் கிராமத்துத் தெருக்களில் பார்க்க முடியும்.

2005 டிசம்பர் 27 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நெடுஞ்சாலைக்கு மேலே சென்ற லேக்வியூ டிரைவ் பாலத்தின் ஓர பீம், தன் சொந்த எடை மட்டுமே இருந்தபோது நடுவில் முறிந்து கீழே சாலையில் விழுந்தது. முன்தகைவு வடங்கள் கவருக்குள்ளேயே அரித்துப்போயிருந்தன. அந்த பீம்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றை உறுதிப்படுத்தின: கவர் உதிர்ந்து வெளியே தெரியும் வடங்களை மட்டும் எண்ணினால் சேதத்தைக் குறைத்து மதிப்பிடுவோம். தெரியாத பக்கத்து வடங்களும் உள்ளே அரித்திருக்கும்.

ஆனால் நல்ல கவர் இருந்தால் இதே பிடிமானம் உயிரையும் காப்பாற்றும். உயரமான லாரி ஒன்று பாலத்தின் அடியில் இடித்து ஓரிரு வடங்களை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுந்த இடத்தில் அந்த வடம் செத்துவிட்டது. ஆனால் அங்கிருந்து ஒரு டிரான்ஸ்பர் தூரம் தள்ளிப் போனால், கான்கிரீட் மறுபடியும் கவ்விப் பிடித்து, வடம் முழு விசையோடு வேலை செய்துகொண்டிருக்கும். நுனி ஆங்கரை மட்டும் நம்பி, குழாயில் சாந்து நிரப்பாமல் விட்ட வடத்துக்கு இந்த மறுபிறவி கிடையாது, ஓர் இடத்தில் அறுந்தால் முழு நீளமும் போச்சு. இடித்த லாரி கவரையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால், அந்தப் பெயர்ந்த நீளத்தில் பிடி கிடையாது. கணக்கு அதற்கு அப்பால் இருந்துதான் தொடங்கும்.

இப்போது பந்தயம் இன்னும் தடித்த வடங்களை நோக்கிப் போகிறது. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் உள்ள பசிபிக் தெருப் பாலத்தின் கர்டர்களில் 17.8 மி.மீ. வடங்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 15.2 மி.மீ. வடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் விசை, அதனால் குறைந்த வடங்களில் நீளமான பாலம். ஆனால் அதே 51 மி.மீ. இடைவெளியில் வைத்தால் இரண்டு வடங்களுக்கு நடுவே மிஞ்சும் கான்கிரீட் 33 மி.மீ.தான், அதாவது விட்டத்தின் இரண்டு மடங்குகூட இல்லை. 12.7 மி.மீ. வடமாக இருந்தால் அதே இடைவெளியில் மூன்று மடங்கு கிடைத்திருக்கும். தள்ளும் ஆப்பு பெருத்து, தாங்கும் வளையம் மெலிந்திருக்கிறது. அதனால்தான் இத்தகைய கர்டர்களில் கான்கிரீட்டின் வலுவைக் கூட்டுகிறார்கள், கடைசி ஒரு மீட்டரில் அடிப்பக்க வடங்களைச் சுற்றி ஸ்டிரப்களை நெருக்கிக் கட்டுகிறார்கள், சில வடங்களுக்கு நுனியில் பிளாஸ்டிக் குழாய் மாட்டி அங்கே பிடிக்காமல் செய்து, எல்லா ஆப்புகளும் ஒரே இடத்தில் இறங்காதபடி தள்ளித் தள்ளி வைக்கிறார்கள்.